'புக் படிச்சீங்களா?' - நாவல் சீரிஸாகும்போது நடிகர்கள் மூலக்கதையைப் படிக்கத்தான் வேண்டுமா?

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்', 'தி விட்சர்', 'பிரிட்ஜர்டன்', 'போய்ரோ'... படித்துவிட்டு நடித்தவர்கள், படிக்காமலேயே ஜெயித்தவர்கள், படித்ததால் மனம் உடைந்தவர்கள் - ஒரு விரிவான பார்வை.

(ஸ்பாய்லர் எச்சரிக்கை: மேலே சொன்ன சீரிஸ்களில் சில முக்கியத் திருப்பங்கள் இந்தக் கட்டுரையில் வருகின்றன.)

நாவலை வைத்து எடுத்த ஏதாவது ஒரு சீரிஸின் புரொமோஷன் பேட்டியை யூடியூபில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் முதல் சில நிமிடங்களிலேயே அந்தக் கேள்வி வந்துவிடும். "புக் படிச்சீங்களா?"

"ரெண்டு தடவை படிச்சேன்" என்று நடிகர் சொன்னால் கமென்ட் பாக்ஸ் முழுக்க ஹார்ட்டின் பறக்கும். "இல்ல, ஸ்கிரிப்ட் மட்டும்தான்" என்று சொல்லிவிட்டாலோ, "அப்புறம் எதுக்கு இந்த ரோல்ல நடிக்க வந்தீங்க?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். சாதாரணமாகக் கேட்கப்படுகிற கேள்வி மாதிரித்தான் தெரியும். ஆனால் அது நடிகருக்கு வைக்கிற விசுவாசப் பரீட்சையாகவே மாறிவிட்டது.

சரி, உண்மையிலேயே படிக்கணுமா? படித்தால் நடிப்பு நன்றாக வருமா? படித்தவர்களுக்கு என்ன நடந்தது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ரசிகர்களுக்கு ஏன் இது இவ்வளவு முக்கியம்?

இதைத் தமிழ் வாசகர்களுக்குப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950-களின் தொடக்கத்தில் வார இதழில் தொடராக வந்த கதை. மணிரத்னத்தின் படம் 2022-ல் வெளியாவதற்குள் மூன்று தலைமுறை வாசகர்கள் அவரவர் மனதில் ஒரு வந்தியத்தேவனை, ஒரு நந்தினியை உருவாக்கி வைத்திருந்தார்கள். திரையில் யார் வந்து நின்றாலும் அந்த முகத்தோடு போட்டி போட்டுத்தான் ஆக வேண்டும்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். லீ சைல்டின் நாவல்களில் ஜாக் ரீச்சர் 6 அடி 5 அங்குல உயரமுள்ள ஆள். 2012-ல் டாம் குரூஸ் அந்த ரோலில் நடித்தபோது படத்தைப் பற்றி நடந்த பேச்சைவிட உயரத்தைப் பற்றி நடந்த பேச்சு அதிகம். பிறகு 2022-ல் அமேசான் பிரைமில் 'ரீச்சர்' சீரிஸ் வந்தது. ஆலன் ரிச்சனின் உடம்பைப் பார்த்தே பாதிப் பேர் சமாதானமானார்கள். அவர் ரோலுக்காக ரீச்சர் நாவல்கள் அத்தனையையும் படித்தேன் என்று சொன்னதும் மீதிப் பேரும் சமாதானமானார்கள்.

இங்கே ரசிகர்கள் உண்மையில் கேட்பது "நீங்க படிச்சீங்களா" என்பதை அல்ல. "எனக்கு இந்தக் கதை எவ்வளவு முக்கியம்னு உங்களுக்குப் புரியுதா" என்பதைத்தான் கேட்கிறார்கள். அந்த ஆதங்கம் நியாயமானது. ஆனால் அதைச் சரியான ஆளிடம்தான் கேட்கிறோமா என்பது வேறு விஷயம். அதற்குக் கடைசியில் வருவோம்.

படித்தால் என்ன கிடைக்கும்?

இதற்கு டேவிட் சூஷேவைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. அகதா கிறிஸ்டியின் துப்பறிவாளர் ஹெர்க்யூல் போய்ரோவாக 1989 முதல் 2013 வரை, 70 எபிசோடுகளில் நடித்தவர். ரோல் கிடைத்ததும் அவர் செய்த முதல் வேலை, போய்ரோ வருகிற கதைகளை எடுத்துவைத்துப் படித்ததுதான். படிக்கப் படிக்க ஒரு பட்டியல் போட்டார். போய்ரோ எப்படி உட்காருவார், எதைப் பார்த்தால் எரிச்சலாவார், காபியிலும் டீயிலும் எத்தனை சர்க்கரைக் கட்டி போடுவார் என்று மொத்தம் 93 குறிப்புகள். அந்தத் தாள்கள் படப்பிடிப்பில் அவர் கூடவே இருந்தன.

சுவாரஸ்யமான விஷயம் என்னவென்றால், அதற்கு முன்பே 1985-ல் வந்த ஒரு டிவி படத்தில் சூஷே நடித்திருந்தார். அதில் போய்ரோ பீட்டர் உஸ்தினோவ். சூஷேவுக்குக் கிடைத்தது இன்ஸ்பெக்டர் ஜாப் வேடம். உஸ்தினோவின் போய்ரோ ஜாலியான, நகைச்சுவையான ஆள். சூஷே ரோலுக்குள் வந்தபோது கிறிஸ்டியின் மகள் ரோசலிண்ட் ஹிக்ஸ் அவரை அழைத்து ஒரு கண்டிஷன் போட்டாராம். பார்வையாளர்கள் போய்ரோவோடு சேர்ந்து சிரிக்கலாம், ஆனால் போய்ரோவைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. அந்த வித்தியாசத்தை ஸ்கிரிப்ட்டில் எழுதிக் கொடுக்க முடியாது. நடக்கிற நடையில், கைக்குட்டையை மடிக்கிற விதத்தில் அது வர வேண்டும். அங்கேதான் அந்த 93 குறிப்புகள் கைகொடுத்தன.

இதற்குப் பின்னால் எளிமையான காரணம் இருக்கிறது. நாவலில் ஒரு கேரக்டர் என்ன நினைக்கிறார் என்பதை எழுத்தாளர் பத்துப் பக்கத்துக்கு எழுதலாம். ஸ்கிரிப்ட்டில் அதற்கு இடமே கிடையாது. அங்கே இருப்பது 'அவள் கதவைச் சாத்துகிறாள்' என்ற ஒரு வரி. கோபத்தில் சாத்துகிறாளா, அழுகையை மறைக்கச் சாத்துகிறாளா, சும்மா காற்று வருகிறதென்று சாத்துகிறாளா? புத்தகம் படித்த நடிகருக்கு அந்த வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியும்.

'தி வீல் ஆஃப் டைம்' சீரிஸில் மொய்ரைனாக நடித்த ரோசமண்ட் பைக் இன்னும் ஒரு படி மேலே போனார். ராபர்ட் ஜோர்டனின் முதல் நாவலை ஆடியோ புத்தகமாக முழுக்க வாசித்தார். அதில் மொய்ரைனின் வசனத்தை மட்டுமல்ல, எல்லா கேரக்டர்களின் வசனத்தையும் அவரே பேச வேண்டும். தான் நடிக்கிற கேரக்டரை மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இருக்குமா, தெரியவில்லை!

படிக்காமல் இருப்பதிலும் ஒரு லாஜிக் இருக்கிறது

இப்போது எதிர்ப்பக்கம். ஹாரி பாட்டர் படங்களில் டம்பிள்டோராக நடித்த மைக்கேல் காம்பன், அந்தப் புத்தகங்களைப் படித்ததே இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னவர். அவர் சொன்ன காரணம் கறாரானது. திரைக்கதை எழுதுபவர் ஸ்டீவ் க்ளோவ்ஸ், நான் பேசப்போவது அவர் எழுதிய வசனத்தை, அப்புறம் புத்தகத்தைப் படித்து என்ன ஆகப்போகிறது என்பதுதான் அவர் வாதம்.

ரசிகர்கள் சும்மா விடுவார்களா? 2005-ல் வந்த 'காப்லெட் ஆஃப் ஃபயர்' படத்தில் ஒரு காட்சி. போட்டிக்கு உன் பெயரை நீயே போட்டாயா என்று டம்பிள்டோர் ஹாரியைக் கேட்பார். புத்தகத்தில் அவர் அதை அமைதியாகக் கேட்பதாக இருக்கும். படத்தில் காம்பன் பாய்ந்து வந்து ஹாரியைப் பிடித்து உலுக்குவார். இன்றுவரை மீம் ஓடிக்கொண்டிருக்கிறது. 'புக் படிச்சிருந்தா இப்படி நடிச்சிருப்பாரா' என்பதுதான் எல்லா மீம்களின் சாரமும்.

ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். அந்தக் காட்சிக்கு ஒரு டைரக்டர் இருந்தார். எத்தனையோ டேக்குகளில் இருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க எடிட்டர் இருந்தார். அவர்கள் எல்லோரும் அதைப் பார்த்து 'ஓகே' சொல்லித்தான் படத்தில் வந்தது. மீமில் மட்டும் காம்பன் தனியாக நிற்கிறார்.

சில நேரம் படிக்காமல் வரச் சொல்வதே தயாரிப்புத் தரப்புதான். 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' புத்தகம் அல்ல, 2013-ல் வந்த வீடியோ கேம். ஆனால் பிரச்சினை ஒன்றுதான். எல்லியாக நடிக்க பெல்லா ராம்ஸே வந்தபோது, அவர் அந்த கேமை விளையாடியதில்லை. அப்படியே இருக்கட்டும், விளையாட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கேமில் எல்லிக்கு ஏற்கெனவே ஒரு குரலும் உடல்மொழியும் இருக்கின்றன. அதைப் பார்த்தால் தன்னை அறியாமலேயே காப்பி அடித்துவிடும் ஆபத்து உண்டு. 2023-ல் சீரிஸ் வந்தபோது, காப்பி என்று யாரும் சொல்ல முடியாத ஒரு எல்லி கிடைத்தார்.

இதில் கோலின் ஃபிர்த்தின் கதை இன்னும் வேடிக்கை. 1995-ல் பிபிசி எடுத்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' சீரிஸின் டார்சி அவர். ஸ்கிரிப்ட் தன்னிடம் வரும்வரை அந்த நாவலைப் படித்ததில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் இன்றைக்கும் டார்சி என்றால் பலருக்கு நினைவுக்கு வருவது அவர் முகம்தான். அதிலும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் காட்சி எது? குளத்தில் குதித்து, நனைந்த சட்டையோடு டார்சி நடந்து வருவது. அது 1813-ல் ஜேன் ஆஸ்டின் எழுதிய நாவலில் எந்தப் பக்கத்திலும் இல்லை. திரைக்கதை எழுதிய ஆண்ட்ரூ டேவிஸ் சேர்த்தது. புத்தகத்தை மட்டுமே பிடித்துக்கொண்டு நடித்திருந்தால் அந்தக் காட்சியில் டார்சிக்கு வேலையே இல்லை.

சினிமா வேற, சீரிஸ் வேற... ஏன்?

இந்த விவாதத்தில் பலரும் தவறவிடும் இடம் இது. சினிமாவில் கேரக்டர் முழுக்க டைரக்டரின் கையில் இருக்கும். இரண்டரை மணி நேரக் கதை. ஆரம்பம், முடிவு எல்லாம் முதல் நாளே நடிகருக்குத் தெரியும்.

சீரிஸ் அப்படி அல்ல. அமெரிக்க, பிரிட்டிஷ் சீரிஸ்களில் பொதுவாக எபிசோடுக்கு எபிசோடு டைரக்டர் மாறுவார். எழுத்தாளர்கள் ஒரு குழுவாக உட்கார்ந்து எழுதுவார்கள். அந்தக் குழுவும் சீசனுக்கு சீசன் மாறும். எல்லாவற்றையும் கட்டி மேய்க்கிற ஆள் ஷோரன்னர். சில சீரிஸ்களில் ஷோரன்னரே மாறிவிடுவதும் உண்டு. ஐந்தாறு வருஷம் ஓடுகிற சீரிஸில், முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை அந்தக் கேரக்டரோடு கூடவே இருக்கிற ஒரே ஆள் பெரும்பாலும் நடிகர்தான்.

அதனால் கேரக்டரின் 'ஞாபகம்' நடிகரிடம் தங்கிவிடுகிறது. புதிதாக வந்த டைரக்டருக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும். புத்தகம் படித்திருந்தால் அந்த ஞாபகம் இன்னும் பலமாக இருக்கும். இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம், அடுத்த சீசனில் என்ன நடக்கும் என்பது நடிகருக்குப் பெரும்பாலும் தெரியாது. புத்தகம் இருந்தால் தெரியும். தெரிவது நல்லதா, கெட்டதா?

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' சீரிஸில் ராப் ஸ்டார்க்காக நடித்த ரிச்சர்ட் மேடனை எடுத்துக்கொள்வோம். சீசனுக்கு ஒரு புத்தகம் என்று கணக்கு வைத்துப் படித்துவந்தார் அவர். ராபுக்குத் தன் எதிர்காலம் தெரியாது, எனவே தனக்கும் தெரியக் கூடாது என்பது அவர் எண்ணம். ஆனால் மூன்றாவது புத்தகத்தைக் கையில் எடுப்பதற்குள் ஏகப்பட்ட பேர் முந்திக்கொண்டு அவரிடம் சொல்லிவிட்டார்கள். போதாக்குறைக்கு கூகுளிலும் தேடிப் பார்த்துவிட்டதாக அவரே ஒப்புக்கொண்டார். 2013-ல் ஒளிபரப்பான அந்த 'ரெட் வெட்டிங்' எபிசோடு டிவி வரலாற்றிலேயே அதிகம் பேசப்பட்ட அதிர்ச்சிகளில் ஒன்று. உலகமே அதிர்ந்த மரணம், சாகிறவருக்கு மட்டும் எப்போதோ தெரிந்திருந்தது.

இதற்கு நேர்மாறாக, தெரிந்தே ஆக வேண்டிய ரோல்களும் உண்டு. 'பிரிட்ஜர்டன்' சீரிஸில் ஊர்க் கிசுகிசுக்களை அச்சடித்து விற்கும் லேடி விசில்டவுன் யார் என்பது பெரிய ரகசியம். ஜூலியா குவின்னின் நாவல்களில் அது 2002-ல் வந்த நான்காவது புத்தகத்தில்தான் உடைகிறது. சீரிஸில் 2020-ல் வந்த முதல் சீசனின் முடிவிலேயே உடைத்துவிட்டார்கள். அந்த ஆள் பெனலோப்பி. அந்த ரோலுக்குத் தேர்வான நிக்கோலா காக்லனுக்கு இது முதலில் தெரியாது. இணையத்தில் ரசிகர்களின் உரையாடல்களைப் படிக்கப் போய்த்தான் தெரிந்துகொண்டார். நினைத்துப் பாருங்கள், ரகசியத்தை ஒளித்து வைத்திருக்கிற கேரக்டர் நீங்கள். ஆனால் அந்த ரகசியமே உங்களுக்குத் தெரியாது என்றால் எதை ஒளிப்பீர்கள்?

ஆலன் ரிக்மேனின் கதையும் இந்த வகைதான். முதல் ஹாரி பாட்டர் படம் வந்தது 2001-ல், கடைசிப் புத்தகம் வந்தது 2007-ல். அதாவது ஸ்னேப் நல்லவனா கெட்டவனா என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளப் புத்தகமே அப்போது இல்லை. ஜே.கே. ரௌலிங் அவரிடம் மட்டும் ஒரு சின்னத் தகவலைச் சொல்லி வைத்தார். அதை வைத்துக்கொண்டே அத்தனை படங்களிலும் நடித்தார் ரிக்மேன். கடைசிப் படத்தைப் பார்த்துவிட்டு முதல் படத்தை மறுபடி போட்டால், அவர் பார்வையே வேறு மாதிரித் தெரியும். அவருக்குத் தேவைப்பட்டது ஏழு புத்தகம் அல்ல, ஒரே ஒரு தகவல்.

படித்தவர்களுக்கு விழுந்த அடி

இதுவரை பார்த்ததெல்லாம் நடிப்பு சம்பந்தப்பட்டது. இனி கொஞ்சம் சீரியஸான பகுதி. புத்தகத்தை நம்பியவர்களுக்கு வேலையிடத்தில் என்ன நடந்தது?

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' சீரிஸில் செர் பாரிஸ்டன் செல்மியாக நடித்தவர் இயன் மெக்கெல்ஹின்னி. புத்தகங்களைப் படித்தவர். ஐந்தாவது புத்தகத்திலும் பாரிஸ்டன் உயிரோடு இருக்கிறார், முக்கியமான வேலைகள் செய்கிறார். அதனால் தனக்கு இன்னும் நல்ல காட்சிகள் காத்திருக்கின்றன என்று அவர் எதிர்பார்த்தார். 2015-ல் ஐந்தாவது சீசனின் நான்காவது எபிசோடிலேயே பாரிஸ்டனைக் கொன்றுவிட்டார்கள். அந்த வருத்தத்தை அவர் பேட்டிகளில் மறைக்கவில்லை.

புரொமோஷன் உறுதி என்று கம்பெனி பாலிசியைப் படித்துவிட்டுக் காத்திருந்தவருக்கு, மீட்டிங் ரூமில் கூப்பிட்டு 'பாலிசி மாறிடுச்சு' என்று சொன்ன மாதிரி. புத்தகம் என்பது நடிகருக்குக் கொடுக்கப்பட்ட ஒப்பந்தம் அல்ல. சீரிஸ் உரிமையை வாங்கியவர்கள் அதை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம்.

அதிகம் பேசப்பட்ட இன்னொரு உதாரணம் ஹென்றி கெவில். 'தி விட்சர்' கேம்களை விளையாடி, பிறகு போலந்து எழுத்தாளர் ஆந்த்ரேய் சப்கோவ்ஸ்கியின் புத்தகங்களையும் படித்து, கெரால்ட்டாக நடிக்கத் தானே வலியப் போய் வாய்ப்புக் கேட்டவர். முதல் சீசன் 2019 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. அதில் கெரால்ட் பெரும்பாலும் உறுமலோடு நிறுத்திக்கொள்ளும் ஆள். புத்தகத்தின் கெரால்ட்டோ நிறையப் பேசுபவன், யோசிப்பவன். இரண்டாவது சீசனில் கெரால்ட்டுக்குப் பேச்சு கூட வேண்டும், புத்தகத்துக்கு நெருக்கமாக இருக்க வேண்டும் என்று தான் வலியுறுத்தியதாக கெவில் பேட்டிகளில் சொன்னார்.

2022 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. மூன்றாவது சீசனோடு கெவில் விலகுகிறார், நான்காவது சீசனில் இருந்து லியாம் ஹெம்ஸ்வொர்த் கெரால்ட். அதே மாதம், இந்த சீரிஸில் வேலை பார்த்த எழுத்தாளர் ஒருவர், அங்கே சில எழுத்தாளர்களுக்கு மூலப் புத்தகங்களும் கேம்களும் பிடிக்கவே இல்லை என்று சமூக வலைதளத்தில் சொல்லியிருந்தார். இரண்டையும் ரசிகர்கள் சேர்த்து முடிச்சுப் போட்டார்கள். கவனிக்க: கெவில் விலகியதற்கு இதுதான் காரணம் என்று அவரோ நெட்ஃபிளிக்ஸோ அதிகாரபூர்வமாகச் சொல்லவில்லை.

காரணம் எதுவாக இருந்தாலும், ஒரு விஷயம் இதில் தெளிவாகத் தெரிகிறது. நடிகர் எவ்வளவு படித்திருந்தாலும் அவர் மாற்றக்கூடியது தன் வசனத்தை, தன் நடையை, அதிகபட்சம் தன் காட்சியை. கதை போகிற திசையை அவரால் மாற்ற முடியாது.

எழுதியவர் சொல்லே எடுபடாதபோது...

'நடிகர் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாமே' என்று நினைக்கிறீர்களா? கதையை எழுதியவருக்கே அந்த அதிகாரம் கிடையாது என்பதுதான் யதார்த்தம்.

ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின், தன் 'ஃபயர் அண்ட் பிளட்' புத்தகத்தை வைத்து எடுக்கப்படும் 'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' சீரிஸில் செய்த மாற்றங்களை விமர்சித்து 2024 செப்டம்பரில் தன் வலைப்பூவில் எழுதினார். மேலர் என்ற குழந்தைக் கேரக்டரை எடுத்துவிட்டதால் பின்னால் வரும் சம்பவங்கள் எப்படிப் பலவீனமாகும் என்று விளக்கியிருந்தார். கொஞ்ச நேரத்திலேயே அந்தப் பதிவு நீக்கப்பட்டது. கதையைப் படைத்தவர் நிலைமை இது. அதில் நடிக்கும் இருபத்தைந்து வயதுக்காரர் ஷூட்டிங் ஸ்பாட்டில் கையில் புத்தகத்தோடு போய் நின்றால் என்ன நடக்கும்?

இன்னொரு சிக்கலும் உண்டு. சில நேரம் படிப்பதற்குப் புத்தகமே இருக்காது. மார்கரெட் அட்வுட்டின் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' 1985-ல் வந்த நாவல். 2017-ல் தொடங்கிய சீரிஸ், நாவலின் கதையைக் கிட்டத்தட்ட முதல் சீசனிலேயே முடித்துவிட்டது. அதற்குப் பிறகு ஐந்து சீசன்கள் ஓடின. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' நிலைமையும் அதேதான். மார்ட்டினின் ஐந்தாவது புத்தகம் வந்தது 2011-ல். ஆறாவதுக்கு ரசிகர்கள் காத்திருக்க, சீரிஸ் 2016-லேயே புத்தகங்களைத் தாண்டிப் போய், 2019-ல் முடிந்தும் போனது. அந்தக் கடைசி சீசன்களைப் பற்றி இன்றுவரை புலம்புகிறோமே, அதில் நடித்தவர்கள் படிக்காததால் வந்த பிரச்சினை என்று யாராவது சொல்ல முடியுமா?

அப்போ யார் படிக்கணும்?

இங்கேதான் அந்த 'சரியான ஆள்' விஷயத்துக்கு வருகிறோம்.

1984 முதல் 1994 வரை பிரிட்டனின் கிரனாடா டிவி 'ஷெர்லாக் ஹோம்ஸ்' தொடரை எடுத்தது. ஹோம்ஸாக நடித்த ஜெரமி பிரெட், ஆர்தர் கோனன் டாயலின் கதைகளை வைத்து ஸ்கிரிப்ட்டை வரிக்கு வரி ஒப்பிட்டு வாதாடியதற்குப் பெயர் போனவர். ஆனால் அவர் தனியாகப் போராடவில்லை. ஹோம்ஸ், வாட்சன் இருவரின் தோற்றம், பழக்கவழக்கம் எல்லாவற்றையும் மூலக்கதைகளில் இருந்து தொகுத்து, 77 பக்கத்துக்கு ஒரு கையேட்டையே தயாரிப்புக் குழு உருவாக்கியிருந்தது. 'பேக்கர் ஸ்ட்ரீட் ஃபைல்' என்று பெயர். உடை தைக்கிறவர், செட் போடுகிறவர், எழுதுகிறவர், நடிக்கிறவர் எல்லோர் கையிலும் அந்த 77 பக்கம். பலருக்கு இன்றும் பிரெட்தான் ஷெர்லாக் என்றால், அதில் அந்த ஃபைலுக்கும் பங்கு உண்டு.

சூஷேவின் கதையிலும் இதே பாடம்தான். அவர் 93 குறிப்பு எழுதினார், சரி. அந்தக் குறிப்புகளை மதிக்கிற ஒரு குழுவும், மேலே கிறிஸ்டியின் குடும்பமும் இருந்ததால்தான் அவை திரைக்கு வந்தன. எல்லோரும் படித்த இடத்தில் நடிகரின் படிப்புக்கு மதிப்பு கூடுகிறது. யாருமே படிக்காத இடத்தில் அதே படிப்பு அவருக்குத் தலைவலியாக மாறுகிறது.

எனவே "புக் படிச்சீங்களா?" என்ற கேள்வியை முதலில் ஷோரன்னரிடம் கேட்க வேண்டும். அடுத்து எழுத்தாளர்கள் குழுவிடம். அப்புறம் எத்தனை எபிசோடு, எவ்வளவு பட்ஜெட் என்று முடிவு செய்யும் ஸ்ட்ரீமிங் நிறுவனத்திடம். பதினான்கு நாவல்கள் கொண்ட 'தி வீல் ஆஃப் டைம்' கதையை மூன்றே சீசனோடு 2025-ல் நிறுத்தியது அமேசான். ரோசமண்ட் பைக் முழுப் புத்தகத்தையும் வாய்விட்டு வாசித்தும் அதை அவரால் தடுக்க முடியவில்லையே!

ஆனால் பேட்டியில் நம் எதிரே உட்காருவது நடிகர் மட்டும்தான். முகம் தெரிந்தவர் அவர்தான். இன்ஸ்டாகிராமில் டேக் செய்ய முடிவதும் அவரைத்தான். அதனால் எட்டுப் பேர் ஒரு அறையில் எடுத்த முடிவுக்குத் திட்டு விழுவது, அந்த அறைக்குள் போகவே போகாத ஒருவருக்கு.

சரி, ஒரு நடிகர் என்னதான் செய்யலாம்?

மேலே பார்த்த எல்லாக் கதைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு நடைமுறை விடை கிடைக்கிறது. புத்தகத்தில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, இந்தக் கேரக்டர் யார். இன்னொன்று, இவருக்கு என்ன நடக்கப்போகிறது. சூஷே, ரிச்சன், பைக் எல்லோரும் முதல் கேள்விக்காகப் படித்தார்கள், பலன் கிடைத்தது. மெக்கெல்ஹின்னி இரண்டாவது கேள்விக்கும் புத்தகத்தை நம்பினார், ஏமாந்தார்.

'யார்' என்பதற்காகப் படிப்பது கிட்டத்தட்ட எப்போதும் லாபம். 'என்ன நடக்கும்' என்பதற்காகப் படிப்பது ரோலைப் பொறுத்தது. காக்லன், ரிக்மேன் மாதிரி ரகசியம் சுமக்கிற ரோல் என்றால் தெரிந்தே ஆகணும். ராப் ஸ்டார்க் மாதிரி விதி தெரியாமல் நடந்து போகிற ரோல் என்றால், மேடன் நினைத்ததுபோலக் கொஞ்சம் தள்ளிப் போடலாம்.

முழுப் புத்தகம் படிக்காமலேயே முதல் கேள்விக்கு விடை தேடவும் வழிகள் இருக்கின்றன. ஹிலரி மேன்டலின் 'வுல்ஃப் ஹால்' நாவல்களை ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி நாடகமாக்கியபோது, ஒவ்வொரு கேரக்டரைப் பற்றியும் நடிகர்களுக்காகத் தனித்தனிக் குறிப்புகளை மேன்டலே எழுதிக் கொடுத்தார். மூன்றாவது ஹாரி பாட்டர் படத்தை இயக்கிய அல்ஃபோன்சோ குவாரோன், மூன்று சிறுவர்களிடமும் 'உன் கேரக்டரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிட்டு வா' என்றார். எம்மா வாட்சன் 16 பக்கம் எழுதினார். டேனியல் ராட்க்ளிஃப் ஒரு பக்கத்தோடு முடித்துக்கொண்டார். ரூபர்ட் கிரின்ட் எழுதவே இல்லை. ஹெர்மயோனி, ஹாரி, ரான் மூவரும் இருந்தால் அப்படியேதான் செய்திருப்பார்கள் என்று ரசிகர்கள் இன்றும் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். ஹோம்வொர்க் செய்யாதவரும் கேரக்டரைப் புரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்!

அடுத்து என்ன?

இந்தக் கேள்வி இனி இன்னும் சத்தமாகக் கேட்கப் போகிறது. எச்பிஓ, ஹாரி பாட்டரை மறுபடி முதலில் இருந்து சீரிஸாக எடுக்கிறது. ஏழு புத்தகங்களையும் வரிசையாக, பல வருஷங்களுக்கு எடுக்கிற திட்டம். ஹாரி, ஹெர்மயோனி, ரான் ஆக நடிக்கப்போகும் மூன்று குழந்தைகளை, பல்லாயிரம் பேர் கலந்துகொண்ட தேர்வில் இருந்து எடுத்து 2025 மே மாதம் அறிவித்தார்கள். பெயர் வெளியான நிமிஷத்தில் இருந்தே அந்தக் குழந்தைகளின் முகத்தையும் முடியையும் பழைய நடிகர்களோடு ஒப்பிடும் போஸ்ட்டுகள் ஆரம்பித்துவிட்டன.

அடுத்த பல வருஷங்களுக்கு ஒவ்வொரு பேட்டியிலும் அவர்களிடம் யாராவது கேட்பார்கள், "புக் படிச்சீங்களா?" என்று. படித்திருந்தால் சந்தோஷம். ஆனால் ஒரு காட்சி புத்தகத்தில் இருந்த மாதிரி வரவில்லை என்றால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியது அந்தக் குழந்தைகள் அல்ல.

அடுத்த முறை உங்களுக்குப் பிடித்த நாவல் சீரிஸாக வந்து, பார்த்துவிட்டுக் கோபம் வந்தால், கமென்ட் டைப் பண்ணும் முன் எண்ட் கிரெடிட்டை 'ஸ்கிப்' பண்ணாமல் ஒருமுறை ஓடவிடுங்கள். 'எழுதியவர்கள்' என்று ஒரு வரி வரும். உங்கள் கேள்வி போக வேண்டிய முகவரி அங்கேதான் இருக்கிறது.